வலிப்பு வந்த ஐந்து நிமிடத்தில் வேண்டியது

1993 பங்குனியில், அப்பாவின் மூளையில் உள்ள கட்டிக்கு இனி வைத்தியம் இல்லை என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லி, எங்கள் ஊரான பந்தல்குடிக்கு அனுப்பிவிட்டார்கள். நான் இடிந்துபோனேன். வரும் வழியில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். “இனி என்னைய எங்கயும் தூக்கிட்டுப் போகாத தாயி. நம்ம வீட்டுலயே கெடக்கேன்.” சரி என்றேன்.

பயமெல்லாம் வலிப்பைப் பற்றித்தான். முதல் தடவை வந்தபோது கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். அம்மா வாயில் கரண்டியை வைத்ததில் ஒரு பல் உடைந்தது. அதனால் இந்த முறை ஆஸ்பத்திரி நர்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தார், நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால், மருந்தைச் சிரிஞ்சில் எடுத்து, ஊசியைக் கழற்றிவிட்டு, ஆசனவாய் வழியாகச் செலுத்த வேண்டும். இரண்டு குப்பி தந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எட்டிப் பார்த்த அம்மாவிடம், “ஒனக்கு இதெல்லாம் புரியாதும்மா” என்றேன்.

ஒன்பதாம் நாள் காலையில் வலிப்பு வந்தது. ஐந்து நிமிடமாகியும் நிற்கவில்லை. குப்பியின் கழுத்தை உடைக்கும்போது என் கை நடுங்கி, குப்பியே நொறுங்கிவிட்டது. அதற்குள் மாமா ரோட்டில் ஒரு லாரியை நிறுத்திவிட்டு வந்தார்.

“மச்சானைத் தூக்குங்கப்பா, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம். இவ படிச்ச படிப்பு போதும்.”

மாரியம்மா, என் கையை நடுங்காமல் வை என்று வேண்டினேன். நடுக்கம் நிற்கவில்லை.

மிச்சமிருந்த குப்பியை அம்மா வாங்கிக்கொண்டாள். “வயசுப் புள்ள நீ. அவுகளை அப்படிப் பாக்க வேணாம். நான் போடுறேன், எம்புட்டுன்னு மட்டும் சொல்லு.”

அம்மா கையில் குப்பியின் கழுத்து மட்டும் சரியாக உடைந்தது. சிரிஞ்சில் நான் காட்டிய கோடு வரை மருந்தை இழுத்து, நான் சொன்னபடி ஊசியைக் கழற்றினாள். நான் திரும்பி நின்று, “பையத் தள்ளும்மா” என்றேன்.

“தெரியுதுடி. நீ வாச்சைப் பாரு.”

மூன்று நிமிடத்தில் அப்பாவின் உடம்பு அடங்கியது. மூச்சு சீரானது. மாமா போய் லாரியை அனுப்பிவிட்டார்.

அன்றே நோட்டை எடுத்து, நர்ஸ் சொன்னது அத்தனையும் அம்மாவுக்கு வாசித்தேன். முதல் நாளே வாசித்திருக்க வேண்டும். டவுனில் மருந்துச் சீட்டைக் காட்டி மேலும் குப்பி வாங்கி வைத்தோம். இன்னும் இரண்டு தடவை வலிப்பு வந்தது. இரண்டையும் நாங்கள் இருவருமே பார்த்துக்கொண்டோம். சித்திரையில் அப்பா தன் வீட்டிலேயே, தூக்கத்தில் அமைதியாகப் போனார்.

வீட்டில் இப்படி நோயாளியை வைத்திருப்பவர்களே, மருத்துவர் சொன்ன மருந்தை வாங்கி வையுங்கள். வீட்டில் இரண்டு பேராவது கற்றுக்கொள்ளுங்கள். மாரியம்மனிடம் தைரியத்தைக் கேளுங்கள், தருவாள். யார் கையில் தர வேண்டும் என்பதை மட்டும் அவளிடமே விட்டுவிடுங்கள்.