பனியை விட்டு வந்தவர்கள்

பெரியப்பாவும் பெரியம்மாவும் சிம்லாவை விட்டுவிட்டு பம்பாயில் மாதுங்காவுக்கு வந்து இறங்கியது நல்ல மே மாதத்தில். யுத்தம் முடிந்த வருஷம் அது. கிங்ஸ் சர்க்கிளில் விக்டோரியா குதிரை வண்டி வந்து நின்றபோது, பெரியப்பா கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிக் கோட்டோடு அதிலிருந்து இறங்கினார். பெட்டியில் இடம் இல்லையாம், அதனால் மேலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் கட்டடத்தின் எல்லாப் பால்கனிகளிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அவர் நெற்றியிலிருந்து வேர்வை கொட்டிக்கொண்டிருந்தது. பெரியம்மா பின்னாலேயே இறங்கி, முந்தானையால் அவருக்கு விசிறிக்கொண்டு நின்றாள்.

பெரியப்பா என் அப்பாவின் மூத்த அண்ணா. கல்யாணமான புதிதில் சர்க்கார் கணக்காபீஸ் வேலை கிடைத்து சிம்லாவுக்குப் போனவர். குளிர்காலம் வந்தால் பெரிய ஆபீஸ்களெல்லாம் டெல்லிக்கு இறங்கிவிடும், இவருடைய ஆபீஸ் மட்டும் அங்கேயே கிடக்கும். அப்படியே தலை நரைத்து, ரிடையரும் ஆனார். குழந்தைகள் இல்லை. இனிமேல் கடைசிக் காலத்தைத் தம்பியின் பக்கத்தில் கழிக்கலாம் என்று வந்துவிட்டார்கள். அப்பா வீட்டுக்காரரிடம் நடையாய் நடந்து, எங்கள் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தின் பின்பக்கம் ஓர் அறையும் சமையலறையும் பிடித்துக் கொடுத்திருந்தார். காற்று வராத அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் தெரியும். பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, "போறும், ரெண்டு பேருக்கு இது தாராளம்" என்றாள்.

அந்த வருஷம் முழுவதும் எங்கள் கட்டடத்துக்குப் பொழுதுபோக்கு சிம்லாக் குளிர்தான். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த மாமாக்கள் கீழே வராந்தாவில் உட்கார, பெரியப்பா ஆரம்பிப்பார். ராத்திரி அண்டாவில் பிடித்து வைத்த தண்ணீரைக் காலையில் உலக்கையால் இடித்தால்தான் பல் தேய்க்க முடியும். கொடியில் போட்ட வேஷ்டி பலகை மாதிரி விறைத்துப் போகும், மடித்தால் மடியாது, சுவரில் சாய்த்துத்தான் வைக்க வேண்டும். இட்லி மாவு ஒரு நாளும் பொங்காது. பெரியம்மா பாத்திரத்தைப் பஞ்சு ரஜாய்ப் போர்வைக்குள் சுற்றி, கரி அடுப்புப் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, நடுநடுவே எழுந்து தொட்டுப் பார்ப்பாளாம்.

"அப்பாடா, எப்படித்தான் இருந்தேளோ. தப்பிச்சு வந்தேளே" என்று மாமிகள் சொல்வார்கள். பெரியம்மா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவாள். எனக்கு அப்போது எட்டு வயது. ஏதோ அரக்கன் கோட்டையிலிருந்து தப்பித்து வந்த இரண்டு பேர் எங்கள் வீட்டுக் கீழே குடியிருக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொள்வேன்.

மழைக்காலத்தில் அவர்கள் கொண்டுவந்த கம்பளிகளெல்லாம் பூசணம் பிடித்தன. வெயில் எட்டிப் பார்த்த நாளில் பெரியம்மா அவற்றை மொட்டைமாடியில் காயப்போட்டாள். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவள் தெருவில் கூவிக்கொண்டு போனபோது அம்மா, "இந்த ஊர்ல இதெல்லாம் எதுக்கு மன்னி? ஒரு நல்ல எவர்சில்வர் அடுக்கா வாங்கிக்கலாமே" என்றாள். பெரியம்மா "ஆகட்டும், பார்க்கலாம்" என்றாள். மறுபடி எல்லாவற்றையும் மடித்து, நாப்தலீன் உருண்டை போட்டு, பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

மழை விட்ட பிறகு என் தம்பிக்குக் கடும் ஜுரம் வந்தது. நெற்றியில் ஐஸ் வைக்கச் சொன்னார் டாக்டர். அம்மா தம்பியை விட்டு நகர முடியாது. அதனால் பெரியம்மா தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள், வழிகாட்ட நானும் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் ஐஸ் கிடங்கு இருந்தது. பாளம் பாளமாக ஐஸ், மேலே மரத்தூளும் கோணிச் சாக்கும். பனியன் போட்ட ஆள் ஒருவன் சாக்கை விலக்கி, இரும்பு ஊசியால் குத்தி உடைக்க ஆரம்பித்தான்.

பெரியம்மா அவனிடம் இந்தியில் ஏதோ கேட்டாள். அவன் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சிரித்து, நகர்ந்து நின்றான். பெரியம்மா செருப்பைக் கழற்றினாள். ஐஸ் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த தரையில் வெறுங்காலை வைத்து நின்றுகொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் பாளத்தின் மேல் விரித்து வைத்தாள். வளையல் ஐஸில் பட்டுச் சின்னதாகச் சத்தம் போட்டது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"கை வலிக்கலையா பெரியம்மா?"

"வலிக்கறது. இரு, கொஞ்ச நேரம்."

அவள் விரல்கள் சிவந்து போயின. திரும்பி வரும்போது, நான் கேட்காமலே பேசினாள்.

"ராத்திரி பனி விழுந்திருந்தா கண்ணைத் திறக்காமயே தெரிஞ்சுடும் நேக்கு. ஒரு சத்தம் இருக்காது. காக்கா கத்தாது, பால்காரன் கால் சத்தம்கூடக் கேக்காது. அப்பறம் எழுந்து ஜன்னலைத் தொடச்சுப் பார்த்தா, தேவதாரு மரம் பூரா வெள்ளையா நிக்கும். இங்க ட்ராம் சத்தத்துல நேக்கு எப்பத் தூங்கறேன், எப்ப முழிச்சுக்கறேன்னே தெரியல."

"அப்போ திரும்பிப் போயிடுங்கோளேன்."

அவள் நடப்பதை நிறுத்திவிட்டாள். "பெரியப்பாட்ட இதெல்லாம் சொல்லிடாதே, கொழந்தே. அவருக்கு மார்ல சளி கட்டிண்டு போன குளிருக்கு மூச்சே விட முடியல. இன்னொரு குளிர் தாங்காதுன்னுதான் வந்தோம். நான் ஏங்கறேன்னு தெரிஞ்சா மூட்டையைக் கட்டிண்டு அடுத்த ரயில்லயே கெளம்பிடுவார். சொல்ல மாட்டியே?"

சத்தியம் செய்து கொடுத்தேன். பெரியவர்கள் ஒரு ரகசியத்தை என்னிடம் ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை.

மார்கழி பிறந்தது. பம்பாய்க் குளிருக்கே மாதுங்கா மாமாக்கள் காதில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். பெரியப்பா ஒற்றைச் சட்டையோடு என்னைக் கையைப் பிடித்து ஐந்து தோட்டம் என்கிற பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெஞ்சில் உட்கார்ந்ததும், சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு ஜோடி கம்பளிக் கையுறைகளை எடுத்தார். ஒவ்வொரு விரலாக நுழைத்து மாட்டிக்கொண்டார். பிறகு கைகளை முழங்காலின் மேல் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேர்க்காதா பெரியப்பா?"

"வேர்க்கறதுதான்." கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "ஆபீஸ்லேர்ந்து வரச்சே, ஏத்தம் ஏறி வந்து, வீட்டு வெளக்கு தெரியற எடத்துல நின்னு இதைக் கழட்டுவேன். மூச்சு புகை மாதிரி வரும். உள்ள இவ கரி அடுப்பைப் பத்த வெச்சுண்டு உக்காந்திருப்பா. அந்தச் சூட்டுல கையைக் காட்டறச்சே இருக்கற சொகம் இருக்கே..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

"இங்கேயும் அடுப்பு இருக்கே."

"இருக்கு. குளிர் இல்லையே."

கையுறைகளைக் கழற்றி ஜாக்கிரதையாக மடித்தார். விரல்களுக்கு நடுவே ஈரமாக இருந்தது. "பெரியம்மாட்ட சொல்லாதே. பாவம், அவ அங்கே பட்டது போறும். தண்ணி தூக்கிண்டு வரச்சே பனியில சறுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடச்சுண்டா. வலது கை. இன்னிக்கும் மாவு பிசைய முடியல, பாத்திருப்பியே. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், ரிடையர் ஆனதும் இவளைப் பனியே இல்லாத ஊருக்குக் கூட்டிண்டு போயிடணும்னு. நேக்கு அங்கே நெனப்பா இருக்குன்னு தெரிஞ்சா அவ இங்கே நிம்மதியா இருக்க மாட்டா."

அவரிடமும் சத்தியம் செய்தேன். இப்போது என்னிடம் இரண்டு ரகசியங்கள் இருந்தன. கட்டடத்தில் வேறு எந்தக் குழந்தையிடமும் ஒன்றுகூட இல்லை.

அடுத்த வெயில் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பாவின் ஆபீஸில் கூட வேலை பார்த்த மாமா ஒருவர் அவர்களைத் தேடிக்கொண்டு வந்தார். லீவில் சொந்த ஊருக்குப் போகிற வழியாம். நான் அங்கே முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். அவர் காபியைக் குடித்து முடித்துவிட்டு, சந்தோஷமான சமாசாரம் சொல்லுகிறவரின் முகத்தோடு விஷயத்துக்கு வந்தார். சிம்லாவில் பெரியப்பா குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரியான துரைசானி சீமைக்கே திரும்பிப் போகிறாளாம். நம்பகமான மனுஷர்கள் யாராவது அந்த வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொண்டால் போதும் என்கிறாளாம்.

"ஒங்களைத்தான் கேட்டா அண்ணா. அவா வருவாளான்னு. இந்தப் பக்கம் வரேனோல்லியோ, நேர்லயே கேட்டுண்டு வரேன்னேன்."

பெரியம்மா வெறும் டவராவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பெரியப்பா அவளைப் பார்த்தார். அவள் பெரியப்பாவைப் பார்த்தாள். பிறகு, எதற்கென்று தெரியவில்லை, இரண்டு பேருமே ஒரே சமயத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் வாயிலிருந்த முறுக்கை மெல்லாமல் உதட்டை இறுக மூடிக்கொண்டேன். பெரியப்பாவுக்கு ஒரு தடவை, பெரியம்மாவுக்கு ஒரு தடவை, மெதுவாகத் தலையை ஆட்டினேன். பயப்படாதீர்கள், சொல்ல மாட்டேன் என்று அர்த்தம்.

"இவ கையை ஒடிச்சுண்டது போறாதா?" என்றார் பெரியப்பா.

"இவர் மார்ச்சளிக்கு அந்தக் குளிரெல்லாம் இனிமே ஆகாது" என்றாள் பெரியம்மா.

இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, எது யார் சொன்னது என்றே தெரியாதபடி காதில் விழுந்தது. வந்த மாமா சிரித்துவிட்டார். "ரெண்டு பேரும் ஒரே குரலா சொல்றேள். அப்பறம் பேசறதுக்கு என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல" என்று பெரியப்பாவும் சிரித்தார். "இந்த ஊர் பழகிடுத்து."

மாமாவை ட்ராம் வரைக்கும் கொண்டுவிட இரண்டு பேருமே போனார்கள். ட்ராம் போய் வெகுநேரம் ஆகியும் அவர்கள் திரும்பவில்லை. நான் வாசலில் நின்று பார்த்தபோது, தெருமுனையில் கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்றுகொண்டிருந்தார்கள். பெரியப்பா ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், பெரியம்மா இன்னொரு பக்கம்.

சாயங்காலம் பெரியம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, கையில் ஒரு வெல்லக் கட்டியை வைத்து மூடினாள். கொஞ்ச நேரத்தில் பெரியப்பா வராந்தாவில் என்னை நிறுத்தி ஒரு பெப்பர்மிண்ட் கொடுத்தார்.

அவர்கள் கடைசிவரை அந்த அறையிலேயேதான் இருந்தார்கள். முதலில் பெரியப்பா போனார். அதற்கு மூன்றாவது மழைக்காலத்தில் பெரியம்மாவும் போய்விட்டாள். எனக்குக் கல்யாணமாகி, ஒருவருக்காக ஒருவர் வாயை மூடிக்கொள்வது என்றால் என்ன என்று நானும் தெரிந்துகொள்ள இன்னும் பல வருஷங்கள் ஆயின.

அன்றைக்கு எனக்கு வெறும் ஆச்சரியம்தான் இருந்தது. எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் எதிலும் ஒத்துப்போனதாகச் சரித்திரமே இல்லை. இவர்கள் மட்டும் எப்படிக் கேட்டவுடன், யோசிக்கக்கூட யோசிக்காமல், ஒரே பதிலைச் சொல்கிறார்கள்? மனசுக்குள் இருக்கிறதும் ஒன்றுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெல்லத்தை ஒரு கன்னத்திலும் பெப்பர்மிண்டை இன்னொரு கன்னத்திலும் அடக்கிக்கொண்டு விளையாடப் போனேன்.