மூன்று பல்லும் நீல மையும்

இண்டூர் கஸ்பாருக்கு ஐம்பத்தாறு வயது. பாலக்கோடு தக்காளி மண்டியில் தரம் பார்க்கிறவர். எதையும் எளிதில் நம்பமாட்டார். மாத்திரை அட்டையின் தேதியை மனைவி ஜோஸ்பின் படித்துச் சொன்னாலும், கண்ணாடி போட்டுத் தானே ஒருமுறை படித்தால்தான் விழுங்குவார்.

அவருடைய கடைவாய்ப்பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்த டாக்டர் எழிலரசி, மேலே தற்காலிகச் சிமெண்டை வைத்து அனுப்பினார். "பத்து நாள்ல வந்துடுங்க. கம்போசிட்னு பல்லு நெறத்துல ஒரு பசை இருக்கு, அதப் போட்டு நிரந்தரமா அடைச்சிடலாம்."

கஸ்பாருக்கு அங்கேதான் இடித்தது. இருப்பதே கல் மாதிரி இருக்கிறதே, எதற்கு இன்னொன்று?

ஒரு மாதம் கழித்துத்தான் போனார்.

"முதல்ல வாயத் தொறங்க, பாக்கலாம்."

"அது அப்புறமுங்க டாக்டரம்மா. எது தாங்கும்னு எனக்குக் கண்ணுல காட்டுங்க."

எழிலரசி, படிக்கிற காலத்தில் அடைத்து, மையில் ஊறவைத்து, வெட்டி வைத்திருந்த பற்களைக் காட்டினார். கஸ்பார் தலையாட்டினார். "இது முன்னாடியே செஞ்சு வெச்சதுங்க."

பிடுங்கிச் சுத்தம் செய்திருந்த மூன்று பற்களை டாக்டர் எடுத்தார். ஒன்றில் தற்காலிகச் சிமெண்ட், ஒன்றில் கண்ணாடித்தூள் கலந்த சிமெண்ட், ஒன்றில் கம்போசிட். மை மேல்பக்கமாக மட்டும் இறங்கும்படி வேருக்கு நகப்பூச்சு பூசி, மூன்றையும் நீல மையில் போட்டு அலமாரியில் வைத்தார். கஸ்பார் பையிலிருந்து பூட்டை எடுத்து அலமாரியைப் பூட்டி, சாவியோடு ஊருக்குப் போனார்.

அடுத்த வாரம் அவர் கண்ணெதிரே பற்கள் பிளக்கப்பட்டன. தற்காலிகச் சிமெண்டில் மை அடிவரை இறங்கியிருந்தது. அடுத்ததில் பாதிவரை. கம்போசிட்டின் ஓரத்திலும் மெல்லிய நீலக்கோடு.

"இதுலயும் எறங்கியிருக்குதே!"

"ஆமாங்க. ஓரத்துல ஈரம் இருந்திருக்கும். எதுவும் முழுசா தடுக்காது. இது கொறச்சலா விடுது, அவ்வளவுதான்."

கஸ்பார் அவரை ஒரு கணம் பார்த்தார். அந்த நீலக்கோட்டை இவர் மறைக்கப் பார்க்கவில்லையே. நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார்.

டாக்டர் சிறு கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். அவருடைய பல்லில் இருந்த சிமெண்ட் ஓரத்தில் உதிர்ந்து, பள்ளம் விழுந்திருந்தது.

"எச்சி உள்ள எறங்கியிருக்கும். வேரத் திரும்பக் கழுவணுங்க."

மேலும் இரண்டு முறை அலைந்த பிறகே கம்போசிட் ஏறியது. "ஒரு பல்லுக்கு ஏன் இத்தன நாளு?" என்று ஜோஸ்பின் கேட்டாள்.

"எம்மேலதான் தப்பு," என்றார் கஸ்பார்.

முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. ஜோஸ்பின் நம்பவில்லை. கொல்லைப்பக்கம் போய் டாக்டருக்கே போன் போட்டாள்.