கண்ணாடி ஜன்னல் பாத்ரூமும் சாம்பிராணி சட்டியும்

உங்க வூட்டு பாத்ரூம்ல காத்து வெளிய போக வழி இருக்கா? போய் பாத்துட்டு வந்து மேல படிங்க.

எனக்கு ஊரு வில்லியனூர் பக்கம், புதுச்சேரில காலேஜ். கூட படிக்கிறவன் வூட்ல பிரெஞ்சுக்காரங்க வெச்சிருக்கற மாதிரியே வெள்ளைப் பீங்கான் கல்லு, கண்ணாடி ஜன்னல், உள்தாப்பாள்னு ஒரு பாத்ரூம் பாத்தேன். அப்பாவ நச்சரிச்சு எங்க வூட்லயும் கட்ட வெச்சேன். அதுவரைக்கும் கொல்லைல கீத்து மறைப்புதான்.

போன வாரம், புள்ள பெத்த எங்கக்கா தலைக்கு ஊத்திக்கினா. ஈரத்தலைக்கு சாம்பிராணி போட கரி நெருப்பு சட்டிய பாத்ரூமுக்குள்ளயே கொண்டு போய்ட்டா. "பச்ச ஒடம்பு, காத்து படக்கூடாது"ன்னு அம்மா ஜன்னல சாத்துனாங்க. அக்கா தாப்பா போட்டுக்கினா.

ரொம்ப நேரம் சத்தமே இல்ல.

"இன்னாக்கா, குளிக்கிறியா, உள்ளயே குடித்தனம் பண்றியா?"ன்னு கதவ தட்டினேன். பதில் வரல. வெளிய ஓடி உலக்கையால கண்ணாடிய ஒடச்சி பாத்தா, சுவத்துல சாஞ்சி கெடக்கறா! ஜன்னல் வழியா பூந்து, தாப்பாள தொறந்து, நானும் அம்மாவுமா வெளிய இழுத்துப் போட்டோம். வாந்தி எடுத்துட்டு கண்ண தொறந்தா.

"என்னை சாவடிக்கவாடா இத கட்ட சொன்ன?"

வண்டி கட்டி கூட்டியாந்த டாக்டர், மூடின ரூம்ல கரி நெருப்பு வெச்சா அந்த காத்தே விஷம்னாரு.

இப்பல்லாம் சட்டி பாத்ரூம் வாசல தாண்டாது. தாப்பாளையும் பேத்துட்டேன். கொத்தனார் மேல் சுவத்துல ஓட்டை போட்டுக்கினு இருக்காரு, வூடு பூரா தூசி.