சுமதி கண் திறக்காத நாட்கள்

ஒன்ராறியோவின் வெக்ஸ்போர்டில் குடும்பச் சட்டம் பார்க்கும் என் அலுவலகத்துக்கு வரும் ஜூனியர்களிடம், வாடகைத்தாய் ஃபைல் ஒன்றைக் கொடுக்குமுன் இந்தக் கதையைச் சொல்வேன். வாடகை என்பது பேச்சுக்குத்தான். கனடாவில் இதற்குக் கூலி கொடுப்பது குற்றம்.

என் கட்சிக்காரர்களான கஜனும் அருணும் கலியாணம் செய்துகொண்ட இரு ஆண்கள். அவர்களுக்காகப் பிள்ளை சுமக்கச் சம்மதித்தவள் கஜனின் பள்ளித் தோழி சுமதி. பக்கத்து வோபர்னில் கணவன் ரவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தாள். கரு உருவாகுமுன்பே ஒப்பந்தம் எழுதினோம். அவளுக்குத் தனி லோயர். ஒன்ராறியோச் சட்டப்படி, பிள்ளை பிறந்து ஏழு நாள் கழிந்த பிறகுதான் அவள் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடலாம். அதுவரை அவளும் தாய்தான்.

பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. சுமதிக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஒப்பரேசன் முடிந்து ஐசியூவுக்குப் போனவள் கண் திறக்கவில்லை.

கஜன் போனில் கூப்பிட்டான்.

"அக்கா, அவள் எழும்பாட்டி பிள்ளை ஆருக்கு?"

கேட்டவுடனேயே அழுதான், அவள் உயிருக்குப் போராடும்போது இதைக் கேட்கிறேனே என்று. கோர்ட்டுக்குப் போகலாம், ஒப்பந்தம் ஆதாரமாக நிற்கும் என்றேன். தீர்ப்புக்கு என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. ரவி எதிர்த்து நின்றால் என்ன செய்வது என்பது அருணின் பயம். எனக்கும் அதே பயம்தான்.

ஏழு நாளும் கழிந்தன. மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஐசியூ வாசலில் இருந்த ரவி, நான் வாய் திறக்குமுன்பே சொன்னான்:

"பிள்ளை உங்கடதான். அதில பயப்பிடாதேங்கோ. எனக்கு என்ர மனுசி வேணும்."

அதன்பின் கஜனும் அருணும் என்னிடம் சட்டம் கேட்கவில்லை. ரவியின் பிள்ளைகளை மாறி மாறிப் பள்ளிக்கு ஏற்றி இறக்கினார்கள்.

கோர்ட்டில் நான் மனுவைத் தாக்கல் செய்யுமுன் சுமதி விழித்தாள். தெளிந்ததும் குழந்தையைக் கேட்டாள். கஜன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வெளியே வந்து சுவரில் சாய்ந்தான். கதவு நெடுநேரம் மூடியே கிடந்தது. அவள் மனம் மாறினால் யாரும் அவளைக் கையெழுத்திட வைக்க முடியாது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

ரவி கதவைத் திறந்தான்.

"உங்களை உள்ள வரட்டாம். என்ன பேர் வைச்சனீங்கள் எண்டு கேக்கிறாள்."

பயத்தில் அவர்கள் இன்னும் பெயரே வைத்திருக்கவில்லை.

பிறகு அவளுடைய லோயர் வந்தார், கையெழுத்தும் முடிந்தது. அன்றிலிருந்து, சுமப்பவளுக்கு ஏதாவது நடந்தால் என்ன செய்வது என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுகிறேன். அவளும் அவள் வீட்டாரும் அந்த அறையில் இருக்கும்போதே கேட்கிறேன்.