ஆறு பங்காகப் பிரித்த களம்

எழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு என் கை பேனையைவிட மண்வெட்டியைத்தான் கூடப் பிடித்தது. இதை நாலு தடவை தொடங்கி நாலு தடவையும் தாளைக் கிழித்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனத்தால் மல்லாவி நிரம்பியிருந்த காலம். நான் அங்கே ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். முதலாளி ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, நெல் அவித்துக் காயப்போடும் களத்தை இனி நான்தான் பார்க்க வேண்டும் என்றார். நான் எதிர்த்துக் கதைக்காதவன் என்பதுதான் அவர் சொன்ன காரணம். எதிர்த்துக் கதைக்காதவனுக்கு ஆட்களை வேலை வாங்கவும் வாய் வராது என்று அவர் யோசிக்கவில்லை.

களத்தில் ஆறு பெண்கள். அவித்த நெல்லைச் சீமெந்துத் தரையில் பரவி, பலகையால் இழுத்து இழுத்துக் கிளற வேண்டும். மழை இருட்டினால் எல்லோருமாக ஓடிக் குவித்துப் படங்கு விரிப்பால் மூடுவார்கள். அரைகுறையாகக் காய்ந்த நெல் நனைந்தால் நாறிவிடும். அரிசியும் கறுத்துவிடும்.

வேலை நடந்தது, கதையும் நடந்தது. முதலாளிக்கு அந்தக் கதைதான் பிடிக்கவில்லை.

"கதைச்சா நெல் காயாதோ முதலாளி? வெய்யில் என்ன எங்கட வாய்க்குள்ளயோ கிடக்கு?" என்று அவர்களில் மூத்த பெண் கேட்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். முதலாளி என்னைப் பார்ப்பார். நான் வானத்தைப் பார்ப்பேன்.

என் தகப்பனார் மலைநாட்டுத் தோட்டத்தில் வேலை செய்தவர். கங்காணி சத்தம் போடும்போது அவர் தலையைக் குனிந்து நின்றதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதனால் ஒருவரை அதட்ட வேண்டும் என்றாலே நான் வேறு பக்கம் போய்விடுவேன். இந்தப் பெண்கள் அதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். "கங்காணி அண்ணை வாறார், எல்லாரும் பயப்பிடுங்கோ!" என்று என் காதுபடவே சொல்லுவார்கள். எனக்கு இருக்கவும் முடியாது, நிற்கவும் முடியாது. களத்தைச் சும்மா சுற்றிச் சுற்றி நடப்பேன்.

ஒரு காலையில் கரித்துண்டை எடுத்துத் தரையில் கோடு கீறினேன். களம் ஆறு பங்கானது. ஆளுக்கொரு பங்கு. யாருடைய நெல் முதலில் காய்கிறதோ அவருக்கு அன்றைக்கு ஒரு கொத்து அளவுக்கு உடைந்த குறுநல் அரிசி. இது முழுக்க என்னுடைய யோசனை. நெல் காய வேண்டும் என்பதற்காக நான் இதைச் செய்யவில்லை என்பது இப்போது தெரிகிறது. கோடு இருந்தால் நான் யாருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அதற்காகத்தான் கீறினேன்.

பேச்சு நின்றது. பலகைகளின் சத்தம் மட்டும் கேட்டது. முதலாளிக்கு வலு சந்தோஷம்.

"நீர் பேசாமல் இருந்துகொண்டு பெரிய வேலை செய்துபோட்டீர். இனி ஆர் பிழை விட்டதெண்டு கோடே சொல்லும். ஆற்ற பங்கு பழுதாகுதோ அவ அடுத்த நாள் வரத் தேவையில்லை" என்றார். பெண்களும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

ஆறாவது பங்கு வேப்பமர நிழல் விழும் கரைப் பக்கம். அது சாவகச்சேரிப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு பெண்ணுக்குப் போயிற்று. இரண்டு பிள்ளைகள், புருஷன் அவர்களோடு இல்லை. அவர் கொண்டுபோகும் கூலியில்தான் அவர்களுடைய கொட்டிலில் உலை வைக்க வேண்டும். நிழலில் நெல் பிந்தித்தான் காயும். ஒரு நாளும் அந்தக் கொத்து அரிசி அவருக்குக் கிடைக்கவில்லை. இடத்தை மாற்றித் தரச்சொல்லி அவர் கேட்கவில்லை, நானும் மாற்றவில்லை.

பங்குனி மாதம் ஒரு மத்தியானம் அவர் என்னிடம் வந்தார்.

"அண்ணை, சின்னவனுக்கு மலேரியாக் காய்ச்சல் விடுகுதில்லை. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோட்டு ஓடியாறன். என்ர நெல்லை ஒருக்கால் பாப்பியளோ?"

"ஓம், போட்டு வாங்கோ. நான் பாக்கிறன்" என்றேன்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. அவிக்கிற அடுப்படியிலிருந்து நான் ஓடிவந்து பார்த்தேன். ஐந்து பெண்களும் ஓடினார்கள், ஆனால் ஒவ்வொருவரும் தன் தன் கோட்டுக்குள். முந்தி நாலு பேர் படங்கைப் பிடிக்க இரண்டு பேர் குவிப்பார்கள். இப்போது ஐந்து பேரும் தனித்தனியாகக் குவித்துக்கொண்டு, ஒரே படங்கை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். நான் ஆறாவது பங்கில் தனியாக நின்று பலகையால் இழுத்தேன். "இஞ்சால வாங்கோ" என்று கத்தவேண்டிய நேரம் அது. நான் இன்னும் வேகமாகப் பலகையைத்தான் இழுத்தேன். மழை கொட்டியது. ஆறாவது பங்குதான் முழுக்க நனைந்தது.

முதலாளி வந்தபோது எல்லோரும் தகரக் கொட்டகைக்குள் நின்றோம். அதே நேரம் அந்தப் பெண்ணும் பிள்ளையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நனைந்து ஓடிவந்து சேர்ந்தார்.

"அந்தக் கரைப் பங்கு ஆற்ற?" என்று முதலாளி கேட்டார்.

"என்ர" என்றார் அவர்.

"அப்ப நாளைக்கு வரவேண்டாம்."

நான் போகச் சொன்னேன், நான் பார்ப்பதாகச் சொன்னேன், கோடு கீறியதும் நான்தான். இவ்வளவையும் நான் சொன்னேன். உண்மையாகச் சொன்னேன். ஆனால் தகரத்தில் மழை அடித்தது, என் குரலும் எழும்பாத குரல்தானே.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "என்ன?"

"ஒண்டுமில்லை" என்றேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அவருக்கு நான் முதலில் சொன்னது கேட்டிருக்கும். பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு மழைக்குள்ளேயே போனார்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. விடிந்ததும் முதலாளி வீட்டுக்குப் போய், கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். "இதை நேற்றுச் சொல்லியிருக்கலாமே? சரி, அவவை வரச்சொல்லும்" என்றார். அவ்வளவு சுலபமாக முடிந்தது. அதுதான் எனக்குப் பெரிய அடி.

சைக்கிளில் அந்தப் பெண்ணின் கொட்டிலுக்குப் போனேன். அவர் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். ஜெயபுரம் பக்கம் கச்சான் கடலை பிடுங்க ஆட்கள் தேவையாம்.

"முதலாளி வரச்சொன்னவர். நான் எல்லாம் சொல்லிப்போட்டன். கோட்டையும் அழிச்சுப்போடுறன்" என்றேன்.

"நல்லது அண்ணை." சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினார். "ஆனா மழை இன்னும் எத்தினை தரம் வரும். ஒவ்வொரு தரமும் நீங்கள் அடுத்த நாள்தான் வந்து சொல்லுவியள் எண்டால், நான் என்ன செய்யிறது?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்டார். சாக்கைத் தூக்கிக் கொடுக்கக் கை நீட்டினேன். "வேண்டாம் அண்ணை, பாரமில்லை" என்று தானே தூக்கிக்கொண்டார்.

2001 ஆவணி 12, ஞாயிற்றுக்கிழமை.