சாலையில் கொட்டிய நெல்லும் என் நாற்றும்

எழுதுவது என் வேலை இல்லை. பத்தாவது வரை படித்ததோடு சரி. நாலு பேர் கூடிய இடத்தில் பேசவே தயங்குகிற நான், முன்பின் தெரியாதவர்களைப் பிடித்து உட்காரவைத்துக் கதை சொல்ல வருவது அதிகப்படிதான். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு விபத்தில் அடைபட்ட ரோடு எப்படித் திறந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

அது ஐப்பசி. ஒரு பக்கம் குறுவை அறுத்து ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். இன்னொரு பக்கம் அறுத்த வயலிலேயே தாளடி நடவு நடக்கும். நாங்கள் குத்தகைக்குச் செய்கிற வயலுக்கு விட்டிருந்த நாற்று மழையில் மூழ்கி அழுகிப்போனது. பூதலூர் பக்கம் ஒருவரிடம் மிச்ச நாற்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, விடியும்போதே போய்ப் பறிக்கச் செய்து, ஒரு லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வயலைச் சேறடித்துத் தயாராக வைத்திருந்தோம். நடவுப் பெண்கள் வரப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அன்று ஒரு நாள்தான் அவர்கள் எங்களுக்கு. மறுநாள் வேறு ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். பறித்த நாற்றோ குவியலாகக் கிடந்தால் உள்ளே சூடேறி வெந்துபோகும். அன்று தவறினால் நாற்றும் கிடையாது, ஆளும் கிடையாது.

பாதி வழியில் பஸ்கள் வரிசையாக நின்றன. இறங்கிப் போய்ப் பார்த்தேன். கொள்முதல் நிலையத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றி வந்த லாரி, ரோட்டில் காய்ந்த நெல்லுக்காக ஒதுங்கி, வாய்க்கால் ஓரத்து மண் சரிந்து பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. டிரைவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அதோடு போயிற்று. லாரி ரோட்டில் பாதியைத்தான் அடைத்திருந்தது. மறுபாதியில் ஒரு பஸ் தாராளமாகப் போகலாம். ஆனால் மூட்டைகள் வெடித்து அந்தப் பாதி முழுக்க நெல்.

பைக்கில் வந்த ஒருவர் ஓரமாக ஏற்றிப் பார்த்தார். "ஏங்க, வீட்டுல சோறுதானே திங்கிறீங்க?" என்று ஒரு குரல் வந்தது. அவர் காலை ஊன்றிப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போனார்.

"உளுந்தா இருந்தா நானே நாலு தடவை ஏத்தி இறக்கி அடிச்சுக் குடுத்திருப்பேன். நெல்லாப் போச்சு," என்றார் பஸ் டிரைவர். உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பி, போகிற வண்டிகள் ஏறியே மணி உதிரவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நெல்லின் மேல் மட்டும் யாரும் சக்கரம் ஏற்றமாட்டார்கள்.

அதனால் எல்லோரும் அள்ளத் தொடங்கியிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, கையாலும் முறத்தாலும் சாக்கில் அள்ளிப் போட்டார்கள். அள்ளினால் தூசி வருகிறது, கல் வருகிறது. அதைப் பொறுக்க இரண்டு பேர். அரசாங்க நெல் ஆயிற்றே, சுத்தமாகத்தான் கொடுக்கவேண்டும் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனசுதான். ஆனால் அந்த வேகத்தில் போனால் பொழுது சாய்ந்துவிடும். கான்ஸ்டபிள் ஒருவர் போனில் கிரேன்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். கிரேன் வரவேண்டிய வழியும் நின்ற வண்டிகளால் அடைத்துக் கிடந்தது.

வண்டிக்குத் திரும்பி நாற்றுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். நடுவில் வெதுவெதுவென்று இருந்தது. வண்டிக்காரத் தம்பியும் நானும் வாய்க்கால் தண்ணீரை வாளியில் மொண்டு தெளித்தோம்.

அப்போதுதான் ரோட்டோரம் அந்தப் பலகையைப் பார்த்தேன். காயும் நெல்லைக் கூட்டிக் குவிக்கிற பலகை. ஒருவர் கம்பைப் பிடித்து அழுத்த, எதிரே ஒருவர் கயிற்றைப் பிடித்து இழுக்கவேண்டும். எங்கள் வீட்டிலும் உண்டு.

"தம்பி, அள்ள வேண்டாம், முதல்ல ஓரமாத் தள்ளிட்டா போதும்னு அவங்ககிட்ட சொல்லேன்," என்றேன்.

"நீங்களே சொல்லுங்கக்கா. நான் சொன்னா வண்டிக்காரன் அவசரத்துல பேசுறான்னுவாங்க."

போலீஸ்காரரிடம் போக எனக்குக் கால் வரவில்லை. நெல் காயப்போட்டிருந்த அம்மாவிடம் போனேன். என் வயசுதான் இருக்கும். காலையிலிருந்து லாரி டிரைவரிடம் பேச்சு வாங்கிய கோபம் முகத்தில் இருந்தது. பலகையைக் கேட்டேன்.

"தள்ளினா எங்க நெல்லோட கலந்துபோகும். எங்களுது இன்னும் ஈரம் காயலை. ரெண்டும் கெடும். அதுக்கு யாரு பொறுப்பு, நீங்களா?"

அவர் கேட்டது நியாயம். என் நாற்றைப் பற்றிச் சொன்னேன். வந்து பார்த்தார், என்னைப் போலவே நடுவில் கையை விட்டார். பிறகு போய் ஒரு படுதாவை இழுத்துவந்தார். "முதல்ல எங்க நெல்லைக் குவிச்சு மூடிடுவோம். அப்புறம் உங்க அரசாங்கத்தைத் தள்ளுவோம்," என்றார்.

கான்ஸ்டபிளிடமும் அவரே பேசினார். "சார், தள்ளலாமா? கேஸு கீஸுன்னு அப்புறம் சொல்லக்கூடாது."

"போட்டோ எல்லாம் எடுத்தாச்சும்மா. வழிய விட்டாப் போதும். நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன், எல்லாரும் அரிசி பொறுக்குற மாதிரி பொறுக்குறாங்க."

"அப்ப பூட்ஸைக் கழட்டிட்டு வாங்க. ஒரு கயிறு தர்றோம்."

அவர் சிரித்தார். பூட்ஸைக் கழற்றி பைக் மேல் வைத்துவிட்டு வந்தார்.

பக்கத்து வீடுகளிலிருந்து இன்னும் பலகைகள் வந்தன. அந்த அம்மா கம்பைப் பிடித்தார். நான் கயிற்றை இழுத்தேன். தள்ளத் தள்ள நெல் சரசரவென்று நகர்ந்து லாரியின் முதுகுப் பக்கம் கரை கட்டியது. பின்னாலேயே விளக்குமாற்றோடு வந்தவர்கள் சிந்தியதைக் கூட்டினார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர், சட்டையை இன் பண்ணியிருந்தவர், கம்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கொடி பிடிக்கிறீங்களா சார்? திருப்பிப் பிடிச்சு அழுத்துங்க," என்றாள் ஒரு பெண். அவரும் அழுத்தினார்.

அவ்வளவு நேரம் அடைத்துக் கிடந்த ரோடு, ஒரு பானை உலை கொதிக்கிற நேரத்தில் கறுப்பாகத் தெரிந்தது. குவித்த நெல்லை அப்புறம் நிதானமாக அள்ளிக்கொள்ளலாம். கான்ஸ்டபிள் ஒரு பக்கத்தை நிறுத்தி ஒரு பக்கத்தை விட்டார். "அடுத்த தடவை முதல்லயே பலகையைக் கொண்டாந்துடுங்கம்மா," என்றார்.

"அடுத்த தடவையா? வாயைக் கழுவுங்க சார்," என்றார் அந்த அம்மா.

என்னைப் பார்த்து, "போங்க, நாத்து காத்திருக்கு," என்றார். பெயர் கேட்கத் தோன்றவில்லை.

வயலுக்குப் போனபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. நடவுப் பெண்கள் போகாமல் இருந்தார்கள். "நாத்து வாங்கப் போனீங்களா, விதை விட்டு வளத்து எடுத்துட்டு வந்தீங்களா?" என்றாள் முன்னால் நின்றவள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே புடவையைச் செருகி இறங்கிவிட்டார்கள். குவியலின் நடுவில் இருந்த சில நாற்று முடிச்சுகள் மட்டும் மஞ்சளாகியிருந்தன. அவற்றைக் கழித்துவிட்டு மற்றதை நடுவதற்கு வயலுக்குள் வீசினோம். நாற்று கண்ணுக்குத் தெரிகிற வரை நட்டார்கள். கடைசி மூலை ஒன்று நின்றுபோனது.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது உள்ளங்கையில் கயிறு அறுத்த எரிச்சல். என் வீட்டுக்காரர் ஏன் என்று கேட்டார். சொன்னேன். "நீயா போய்ப் பேசினே?" என்று கேட்டு, இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

மறுநாள் நடவுப் பெண்கள் சொல்லியிருந்தபடி அந்த ஊருக்குப் போய்விட்டார்கள். மீந்த மூலையை நானும் என் வீட்டுக்காரரும் நட்டு முடித்தோம்.