ரெஜிக்கு ஓர் ஒப்பாரி

சிகாகோவில் நான் போகும் நூலகக் கதவில், துப்பாக்கிப் படத்தின் மேல் குறுக்குக்கோடு போட்டு ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே எடுத்து வரக் கூடாதாம். செருப்பை வெளியே விடச் சொல்லும் நம் கோவில் பலகையைப் போல, யாரும் அதை நின்று பார்ப்பதில்லை.

மாடி வீட்டு டெலோரஸின் மகன் ரெஜி பால் வாங்கக் கடைக்குப் போனவன். தெருவில் யாரோ யாரையோ சுட்டதில் இறந்தான். இரண்டு வருடம் கழித்து, அக்கம்பக்கத்தார் சேர்ந்து அந்தத் தெருவையே இசை நாடகமாக்கினார்கள். அரங்கில் நாற்பது நாற்காலிதான், பாட்டோ பன்னிரண்டு. கடைசிப் பாட்டில் டெலோரஸ் மகன் பெயரைப் பாட வேண்டும். ஒவ்வொரு ஒத்திகையிலும் அந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிடுவாள். எங்கள் ஊர் ஒப்பாரி பற்றி அவளிடம் சொன்னேன்.

"யார் இயற்றியது?"

"யாருமில்லை. இறந்தவரைப் பார்த்து அப்போதே பாடுவது."

"அப்படியானால் ஒத்திகை?" என்றாள்.

பழவேற்காட்டை ஒட்டிய எங்கள் குப்பத்தில் எந்தச் சாவுக்கும் அம்மாவைத்தான் பாடக் கூப்பிடுவார்கள். போனில் கேட்டேன்.

"சாவு இல்லாத எடத்துல ஒப்பாரியா? நாடகத்துக்கு நான் அழுவணுமா? போடா."

ரெஜியைப் பற்றிச் சொன்னேன்.

"அன்னிக்கு அங்க யாராச்சும் வேலைக்குப் போனாங்களா?"

"எல்லாரும் போனாங்கம்மா."

எங்கள் குப்பத்தில் சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை ஒரு படகும் இறங்காது. அப்பா இறந்தது நல்ல இறால் காலத்தில். அவரோடு பேச்சை நிறுத்தியிருந்த பங்காளிகூட வலையைத் தொடவில்லை.

"அப்ப அவனுக்கு யாரும் சரியா அழுவல. பேரு இன்னா சொன்ன, நைனா?"

மறுநாள் போனில் பாடிப் பதிந்து அனுப்பினாள். கூடவே ஒரு கண்டிப்பு: "நான் பாடிட்டு ஏரில முழுக்கு போட்டுட்டேன். நீயும் கேட்டுட்டு, தலைக்கு ஊத்திக்கினுதான் ஊட்டுக்குள்ள போவணும்."

ஞாயிறு பிற்பகல் நாடகம். கடைசிப் பாட்டில் டெலோரஸ் வழக்கம்போல நின்றுவிட்டாள். இருட்டில் ஒலிபெருக்கியிலிருந்து அம்மாவின் குரல் எழுந்தது:

*கடலுக்குப் போனவனும்*
*கரை வந்து சேந்தானே,*
*கடைக்குப் போன என் ரெஜி ராசா*
*காணலியே...*

டெலோரஸுக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல். அதைப் பிடித்துக்கொண்டு, "ரெஜி" என்று பாடத் தொடங்கினாள். முடித்தபின் யாரும் கைதட்டவில்லை.

வீட்டு வாசலுக்கு வந்து நின்றேன். குளிக்காமல் உள்ளே போகக் கூடாது. இந்த ஊரில் குளியலறை உள்ளேதான் இருக்கிறது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே நின்றேன். தலையில் பனி விழுந்து கரைந்துகொண்டிருந்தது.